மூன்று தோஷங்களை நம்பித் தைராய்டு மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: வணக்கம் டாக்டர். எனக்கு வயது 33. சுமார் ஒரு வருஷத்துக்கு முன் ஓயாத அசதி, முடி உதிர்வு, மலச்சிக்கல், தோல் வறட்சி என்று அவதிப்பட்டேன். எடையும் 6 கிலோ கூடியது. அந்தச் சமயத்தில் ‘உங்கள் உடல்வாகு என்ன?’ என்ற இணையக் கேள்வித்தாளை நிரப்பியபோது ‘வாத-கபம்’ என்று வந்தது. பிறகு ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். (தைராய்டு சுரப்பு குறைந்தால் ஏறும் எண்) 14 இருந்தது. அந்த ஹார்மோனை ஈடுகட்டும் தைராக்சின் மாத்திரை 50 மைக்ரோகிராம் எழுதிக்கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் அது 2.8க்கு இறங்கியது, உடம்பும் தேறியது. அதே கேள்வித்தாளை மறுபடி நிரப்பினால் இப்போது ‘பித்தம்’ என்கிறது! இதைக் கேட்கப்போன ஓர் ஆயுர்வேத மையத்தில், மணிக்கட்டில் ஒரு கருவியைக் கட்டி நாடி பார்த்துவிட்டு, “மூலகாரணம் தோஷக் கோளாறு. மாத்திரை அதை அமுக்கி வைக்கிறது” என்று சொல்லி, அமுக்கரா சேர்ந்த ஒரு சூரணமும் காஞ்சனார குக்குலு மாத்திரையும் கொடுத்தார்கள். தைராக்சினை நிறுத்தி இரண்டு மாதம் ஆகிறது. முதல் மூன்று வாரம் நன்றாகத்தான் இருந்தது. இப்போது பழைய அசதி திரும்புகிறது. “நச்சு வெளியேறுகிறது, பொறுங்கள்” என்கிறார்கள். என் அண்ணன் இன்ஜினியர். வாதம், பித்தம் எல்லாமே கட்டுக்கதை என்று திட்டுகிறார். அடுத்த வருஷம் இரண்டாவது குழந்தைக்கு நினைத்திருக்கிறோம். மூன்று தோஷம் உண்மையா, பொய்யா? நான் என்ன செய்யட்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

தோஷங்களைப் பற்றிப் பிறகு பேசலாம். முதலில் உங்கள் உடம்பு. தைராக்சின் எழுதிக்கொடுத்த மருத்துவரை இந்த வாரமே போய்ப் பாருங்கள். டி.எஸ்.எச்., ஃப்ரீ டி4 (ரத்தத்தில் உள்ள தைராக்சின் அளவு) இரண்டையும் பார்த்துவிட்டு, மாத்திரையை எந்த அளவில் திரும்பத் தொடங்குவது என்று அவர் முடிவு செய்யட்டும். இரண்டு மாதம் நிறுத்தியிருந்ததை அவரிடம் மறைக்காதீர்கள். திட்டு விழுமே என்று பலரும் இதைச் சொல்லாமல் விடுகிறார்கள். அப்படி விட்டால், மாத்திரை போட்டுக்கொண்டிருக்கும்போதே டி.எஸ்.எச். ஏறிவிட்டதாக நினைத்து அவர் அளவைக் கூட்டிவிடுவார். அது வேறொரு தொல்லையில் கொண்டுபோய் விடும்.

நிறுத்திய முதல் மூன்று வாரம் நன்றாக இருந்ததைச் சூரணத்தின் கணக்கில் எழுதாதீர்கள். தைராக்சின் உடம்பைவிட்டு மெதுவாகப் போகும் மருந்து. ரத்தத்தில் இருப்பது பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஏழு நாள் ஆகும். இருப்பு இருந்தவரை சமாளித்தீர்கள். அது கரைந்ததும் பழைய அசதி வந்துவிட்டது. இதற்கு ‘நச்சு வெளியேறுகிறது’ என்று பெயர் வைப்பது தவறு. உடம்பைச் சுத்தி செய்யும் சிகிச்சைகள் ஆயுர்வேதத்தில் உண்டு. அவை சரியாக நடந்தால் உடம்பு லேசாகும், பசி எடுக்கும், புலன்கள் தெளியும் என்றுதான் நூல்கள் அடையாளம் சொல்கின்றன. வாரத்துக்கு வாரம் அசதி கூடுவதைச் சுத்தியின் அடையாளமாக நான் எந்த நூலிலும் படித்ததில்லை.

அடுத்த குழந்தை பற்றி எழுதியிருப்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். கருவின் முதல் மூன்று மாதம் சிசு தைராய்டு ஹார்மோனுக்குத் தாயைத்தான் நம்பியிருக்கிறது. அதன் மூளை வளர்ச்சிக்கு அது தேவை. கருத்தரிக்கும் முன்பே டி.எஸ்.எச். 2.5க்குக் கீழே நிற்க வேண்டும் என்பதே உங்களைப் போல மாத்திரை எடுப்பவர்களுக்கு மருத்துவர்கள் வைக்கும் இலக்கு. அது வரும்வரை குழந்தைத் திட்டத்தைத் தள்ளிவையுங்கள். கரு தங்கியது தெரிந்தால் அன்றைக்கே மருத்துவருக்குச் சொல்லுங்கள். பெரும்பாலும் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும்.

இனி தோஷத்துக்கு வருகிறேன். நான் ஆயுர்வேதம் படித்தவன், அதையே தொழிலாகச் செய்பவன். வாத பித்த கபம் என்ற கணக்கில்தான் நாள் முழுக்க நோயாளிகளைப் பார்க்கிறேன். அந்தக் கணக்கின் பெயரைச் சொல்லி உங்கள் மாத்திரையை நிறுத்தச் சொன்னதுதான் எனக்கு மிகவும் வருத்தம்.

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்தக் கேள்வித்தாள். டி.எஸ்.எச். 14 இருந்தபோது ‘வாத-கபம்’. 2.8க்கு வந்தபோது ‘பித்தம்’. நடுவே மாறியது எது? உங்கள் பிறவி உடல்வாகு ஆறு மாதத்தில் மாறாது. அது கருவிலேயே அமைவது, சாகும்வரை உடன் இருப்பது என்றுதான் ஆயுர்வேதம் சொல்கிறது. அதைப் பிரகிருதி என்கிறோம். இன்றைக்கு உடம்பு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது விகிருதி. ‘தோல் வறண்டிருக்கிறதா? மலம் இறுகுகிறதா? குளிர் தாங்கவில்லையா?’ என்று கேட்டால், தைராய்டு குறைந்த யாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். உடனே வாதத்துக்கு மதிப்பெண் ஏறும். ‘எடை எளிதில் கூடுமா? மந்தமாக இருக்கிறதா? தூக்கம் அதிகமா?’ அதற்கும் ஆமாம், கபம் ஏறும். ஆக, அந்தக் கேள்வித்தாள் பிரகிருதி என்று பெயர் போட்டுக்கொண்டு உங்கள் தைராய்டு குறைவைத்தான் அளந்திருக்கிறது. மாத்திரை போட்டதும் அந்தக் குறிகள் மறைந்தன, முடிவும் மாறிவிட்டது. பிரகிருதியை அறிய வேண்டுமானால் நோய் வருவதற்கு முன் எப்படி இருந்தீர்கள் என்று கேட்க வேண்டும். பள்ளிக்கூட நாளில் பசி தாங்குவீர்களா, படித்தது எத்தனை நாள் நினைவில் நிற்கும், வியர்வை எப்படி, கோபம் வந்தால் எவ்வளவு நேரம் இருக்கும் என்று விசாரிக்க வேண்டும். பக்கத்தில் உங்கள் அம்மா இருந்தால் இன்னும் நல்லது.

பிரகிருதி சரியாகவே தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொண்டாலும், அதை மட்டும் வைத்துச் சிகிச்சையை முடிவு செய்யக் கூடாது. பழைய ஆயுர்வேத ஆசிரியர் வாக்படர், தம் அஷ்டாங்க ஹிருதயம் என்ற நூலில் வைத்தியன் கவனிக்க வேண்டியவை என்று பத்தைச் சொல்கிறார்: கெட்டுப்போன தாதுவும் (உடற்கூறு) மலமும் (கழிவு), வாழும் இடம், பலம், காலம், ஜீரண சக்தி, பிரகிருதி, வயது, மன உறுதி, எது பழகியிருக்கிறது, என்ன சாப்பிடுகிறார். இந்தப் பத்தில் பிரகிருதி ஒன்று. இன்றைக்கு விற்பனைக்கு வருவது அந்த ஒன்று மட்டும்தான், அதுவும் பத்துக் கேள்வியில்.

மணிக்கட்டில் கட்டிய கருவியைப் பற்றியும் ஒரு வார்த்தை. சரகர், சுஸ்ருதர், வாக்படர் மூவர் நூல்களிலும் நாடி பார்த்து தோஷம் கணிக்கும் முறை கிடையாது. அது பல நூற்றாண்டு கழித்து சார்ங்கதர சம்ஹிதையில்தான் வருகிறது. நாடி பார்ப்பதை நான் தள்ளவில்லை. ஆனால் ஒரே ஆளைப் பல வைத்தியர்கள் தனித்தனியே பார்த்த ஆய்வுகளில், நாடியிலும் பிரகிருதியிலும் அவர்களிடையே ஒற்றுமை பலவீனமாகவே இருந்திருக்கிறது. தொடர்ந்து போட்டுவந்த மாத்திரையை நிறுத்தும் அளவுக்கு அதற்குப் பலம் இல்லை.

உண்மையா, பொய்யா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மை, ஆனால் கேட்ட எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லும் உண்மை அல்ல என்பதே என் பதில். அதற்கு இந்தக் கொள்கை எதற்காக உருவானது என்று பார்க்க வேண்டும். சரக சம்ஹிதையில் ஓர் இடம் உண்டு. நோய்க்குப் பெயர் சொல்லத் தெரியவில்லையே என்று வைத்தியன் வெட்கப்பட வேண்டாம், எல்லா நோய்க்கும் நிலையான பெயர் இல்லை, தோஷத்தின் நிலையையும் அது தங்கிய இடத்தையும் காரணத்தையும் அறிந்து சிகிச்சையைத் தொடங்கு என்கிறார் சரகர். இதை வாக்படரும் சொல்கிறார். ரத்தத்தை அளக்க முடியாத, நுண்ணோக்கி இல்லாத காலம் அது. முன்னால் ஒரு மனிதர் வாடி நிற்கிறார். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது. ஆனாலும் வறண்டிருக்கிறாரா, எரிகிறதா, கனத்திருக்கிறதா என்று பார்த்து, வறட்சிக்கு நெய்ப்பு, எரிச்சலுக்குக் குளிர்ச்சி, கனத்துக்கு லேசான உணவு என்று எதிர்க்குணத்தால் சமன் செய்ய வழி கண்டார்கள். எத்தனையோ தலைமுறைக்கு அது கைகொடுத்தது. இன்றும் பெயர் வைக்க முடியாத வயிற்று உப்புசம், தூக்கக் கோளாறு, மாறி மாறி வரும் பசி போன்றவற்றில் நான் அதைத்தான் நம்பியிருக்கிறேன்.

பெயர் தெரியாதபோது தொடங்குவதற்கு ஏற்பட்ட வழியை, பெயர் தெரிந்த நோய்க்கு எதிராக நிறுத்துவதுதான் உங்கள் விஷயத்தில் நடந்த தவறு. கழுத்தில் வரும் வீக்கத்தை நம் பழைய வைத்தியர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள்; கலகண்டம் என்று வாத, கப, மேதஸ் (கொழுப்பு) பிரிவுகளோடு எழுதியிருக்கிறார்கள். வீக்கம் கண்ணுக்குத் தெரிந்தது. சுரக்காமல் போன தைராக்சின் தெரியாது. அதை முதன்முதலில் பிரித்தெடுத்ததே 1914இல்தான். உங்களுக்கு வறட்சியும் கனமும் ஒருசேர வந்ததைப் பாருங்கள். தோஷக் கணக்கில் ஒன்று வாதம், மற்றது கபம். இரண்டு வேறு திசையில் இழுக்கும். டி.எஸ்.எச். என்ற ஒரே எண் அந்த இரண்டுக்கும் காரணம் காட்டிவிட்டது. அப்படிக் காரணம் கைக்கு வந்தபின் அதைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்ள சரகர் சொல்லவில்லை. கண்ணால் காண்பது, அனுமானம், யுக்தி எல்லாவற்றையும் கொண்டு ஆராய் என்றவர் அவர்.

உங்கள் அண்ணனுக்கும் சிலவற்றைச் சொல்ல வேண்டும். வாதம், பித்தம், கபம் மூன்றும் உடம்பில் ஊற்றி அளக்கக்கூடிய மூன்று பொருள்கள் என்று யாராவது சொன்னால், அவர் கேலி செய்வதில் நியாயம் இருக்கிறது. வாதம் என்றால் நரம்பு மண்டலம், பித்தம் என்றால் ஹார்மோன், கபம் என்றால் நோய் எதிர்ப்பு சக்தி என்று நேருக்கு நேர் பொருத்துவதும் எனக்கு உடன்பாடில்லை. மேடைப் பேச்சுக்கு அது உதவும், நோயாளிக்கு உதவாது. ஆயுர்வேதமும் சித்த மருத்துவமும் இதே மூன்றைத்தான் வைத்திருக்கின்றன. ஆனால் ஆயுர்வேதத்தில் குழந்தைப் பருவம் கபத்துக்கும் முதுமை வாதத்துக்கும் உரியது. சித்த மருத்துவத்தில் வாழ்நாளின் முதல் பங்கு வாதம், கடைசிப் பங்கு கபம். நேர் எதிர். இரண்டு மரபிலும் தேர்ந்த வைத்தியர்கள் இருந்தார்கள், இருக்கிறார்கள். உடம்பைக் கவனித்து ஒழுங்குபடுத்திக்கொள்ள ஏற்பட்ட சட்டகம் என்று எடுத்துக்கொண்டால் இதில் சிக்கல் இல்லை. அளந்து கண்ட பொருள் என்றால்தான் சிக்கல்.

அதற்காக மொத்தமும் கட்டுக்கதை ஆகிவிடாது. ஆளுக்கு ஆள் உடம்பு வேறுபடும், அந்த வேறுபாட்டில் ஓர் ஒழுங்கு இருக்கிறது என்ற அடிப்படை எண்ணம் சோதனைக்கு வந்திருக்கிறது. டெல்லியில் உள்ள ஐ.ஜி.ஐ.பி. ஆய்வு நிறுவனத்தினர் மூன்று உடல்வாகுகளிலும் அழுத்தமாக விழுந்தவர்களைத் தேர்ந்தெடுத்து, அவர்களது ரத்தக் கூறுகளிலும் மரபணுச் செயல்பாட்டிலும் வேறுபாடுகள் இருப்பதை 2008இல் வெளியிட்டார்கள். 2015இல் ஹைதராபாத்தில் உள்ள சி.சி.எம்.பி. உயிரியல் ஆய்வு நிறுவனத்தின் ஆய்வு வந்தது. 3,416 ஆண்களைப் பரிசோதித்து, ஒரே தோஷம் தெளிவாக மேலோங்கிய 262 பேரைப் பிரித்து, மரபணுவில் 52 இடங்களில் அவர்களிடையே வித்தியாசம் கண்டார்கள். பித்த உடல்வாகோடு பி.ஜி.எம்.1 என்ற மரபணு தொடர்புபட்டது. உடம்பு சர்க்கரையைக் கையாளும் வேலையில் பங்குள்ள மரபணு அது. எனக்கு இதைப் படித்தபோது உண்மையிலேயே மகிழ்ச்சி. ஆனால் இன்னோர் எண்ணையும் பாருங்கள்: 3,416இல் 262. கடுமையாக வடிகட்டினால் பத்தில் ஒருவர்கூடத் தேறவில்லை. மற்றவர்களில் பெரும்பாலோர் கலப்பு. நீங்களும் நானும் அநேகமாக அதில்தான் இருப்போம். செல்போனில் கேள்வித்தாள் முடிந்ததும் வரும் ‘நீங்கள் பித்தம்’ என்ற முத்திரைக்கு என்ன மதிப்பு என்று இதிலிருந்தே தெரியும். இவை சிறிய ஆய்வுகள். எந்த மருந்தை நிறுத்தலாம், எதைக் கொடுக்கலாம் என்று இவை சொல்லவில்லை.

ஆளுக்கு ஆள் மருந்து மாறுவதால் ஆயுர்வேதத்தைச் சோதிக்கவே முடியாது என்று எங்கள் தரப்பில் சிலர் சொல்வார்கள். அதுவும் சரியல்ல. முடக்குவாதம் உள்ள 43 பேரை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஆயுர்வேதம், ஒரு பிரிவுக்கு மெத்தோட்ரெக்சேட் என்ற நவீன மருந்து, ஒரு பிரிவுக்கு இரண்டும் கொடுத்து, யாருக்கு எது என்று நோயாளிக்கும் மதிப்பிடுபவருக்கும் தெரியாமல் கோயம்புத்தூரில் ஓர் ஆய்வு நடந்தது, 2011இல் வெளியானது. ஆயுர்வேத மருந்து ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத்தான் தீர்மானிக்கப்பட்டது. மூன்று பிரிவிலும் பலன் ஏறக்குறைய ஒத்திருந்தது. முன்னோட்டமான சிறிய ஆய்வுதான். இதை வைத்து முடிவு கட்ட முடியாது. ஆனால் செய்ய முடியும் என்று காட்டிவிட்டார்கள். இந்தப் பாதையில் இன்னும் நூறு ஆய்வுகள் வர வேண்டும் என்பது என் ஆசை.

உங்களுக்குக் கொடுத்த மருந்துகளுக்கு வருவோம். காஞ்சனார குக்குலு கழுத்துக் கட்டிகளுக்கும் வீக்கங்களுக்கும் சொல்லப்பட்ட மருந்து. சுரக்காத ஹார்மோனை அது ஈடுகட்டும் என்பதற்கு ஆதாரம் இல்லை. அமுக்கரா நல்ல மூலிகை, நானும் கொடுக்கிறேன். ஆனால் தைராய்டு ஹார்மோன் அளவையே அது மாற்றக்கூடும், சிலருக்குக் கல்லீரல் பாதிப்பும் பதிவாகியிருக்கிறது, கருவுற நினைப்பவர்களுக்கு நான் கொடுப்பதில்லை. நீங்கள் இரண்டையும் இப்போதைக்கு நிறுத்திவிடுங்கள். டப்பாக்களைத் தூக்கி எறியாமல் மருத்துவரிடம் எடுத்துப் போங்கள். அதில் உட்பொருள் பட்டியல், தயாரிப்பாளர் முகவரி, உரிம எண், தயாரித்த தேதி இருக்கிறதா என்று பாருங்கள். மையத்திலேயே பொட்டலம் கட்டி, பெயர் ஒட்டாமல் கொடுத்திருந்தால் அதைத் தொடவே வேண்டாம். 2004இல் அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைப் பரிசோதித்தபோது 14இல் ஈயம், பாதரசம் அல்லது ஆர்சனிக் இருந்தது. வயிற்றில் குழந்தையைச் சுமக்கப் போகிறவர் இதில் துணிந்து பார்க்கக் கூடாது.

மாத்திரையைத் திரும்பத் தொடங்கியபின், காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, குறைந்தது அரை மணி நேரம் கழித்துக் காபியோ உணவோ எடுங்கள். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். முடி உதிர்வுக்காகப் பயோட்டின் என்ற வைட்டமின் எடுக்கிறீர்கள் என்றால் ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள். அது பரிசோதனை எண்ணையே குழப்பிவிடும். ஆறு முதல் எட்டு வாரம் கழித்து டி.எஸ்.எச். மறுபடி பார்க்க வேண்டும். வாழ்நாள் முழுக்கப் போட வேண்டுமா என்ற பயம் உங்கள் கடிதத்தில் எழுதாமலே தெரிகிறது. பிரசவத்துக்குப் பின் வரும் தற்காலிக அழற்சியாக இருந்தால் சிலருக்கு நிறுத்த முடிகிறது. ஆன்டி-டி.பி.ஓ. என்ற எதிர்ப்புப் புரதத்தைப் பார்த்தீர்களா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அது அதிகம் இருந்தால் நோய் நிலையானதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். நிறுத்திப் பார்ப்பதென்றால் அவர் கண்காணிப்பில், பிரசவத்துக்குப் பிறகு.

இதற்கு நடுவே மூன்று தோஷங்களுக்கும் உங்கள் வீட்டில் வேலை உண்டு. வறட்சியும் மலச்சிக்கலும் வாதத்தின் குறிகள்; அவற்றுக்கு ஆயுர்வேதம் சொல்லும் ஒழுக்கம் மாத்திரையோடு மோதாது. மலம் வரும் உணர்வை அடக்காதீர்கள். காலை அவசரத்தில் அடக்கி அடக்கியே பாதிப் பேருக்குச் சிக்கல் ஏற்படுகிறது. தினமும் ஒரே நேரத்தில் போய் உட்காருங்கள். வாரத்தில் இரண்டு மூன்று நாள் இளஞ்சூடான நல்லெண்ணெய் தேய்த்து, வெந்நீரில் குளியுங்கள். சூடான, ஈரப்பதம் உள்ள உணவு நல்லது. வயிற்றில் இரண்டு பங்கு திட உணவு, ஒரு பங்கு நீர், ஒரு பங்கு காலியாக இருக்கட்டும் என்கிறார் வாக்படர். முன்பு சாப்பிட்டது செரித்துப் பசித்தபின் அடுத்த வேளை. மந்தமும் எடையும் கபத்தின் பக்கம். பகல் தூக்கத்தைக் குறையுங்கள். உடற்பயிற்சியைப் பாதி பலத்துக்கு மேல் செய்யக் கூடாது என்பது விதி. நெற்றியில் வியர்வை அரும்பி, வாய் உலர்ந்து, வாயால் மூச்சு வாங்கத் தொடங்கினால் அதுதான் பாதி. டி.எஸ்.எச். சரியாகும்வரை அந்த எல்லையில் நில்லுங்கள்.

டி.எஸ்.எச். மூன்று மாதம் போல ஒரே நிலையில் நின்றபின், முறையாகப் படித்துப் பதிவு பெற்ற ஆயுர்வேத மருத்துவரிடம் உங்கள் பிரகிருதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். போகும்போது தைராய்டு அறிக்கைகளையும் எடுத்துப் போங்கள். அவற்றைக் கையில் வாங்கிப் படிக்காதவர், நீங்கள் போடும் மாத்திரைகள் என்னென்ன என்று கேட்காதவர், உங்கள் தைராய்டு மருத்துவரிடம் பேசத் தயங்குபவர் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.